ஏழுமலையின் துண்டு

1

சென்ற ஜூன் மாதத்தில் ஒரு மாலை எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. இதை எல்லாம் ஒரு செய்தி என்று எழுதுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். நான் இருப்பது டென்மார்க்கின் மேற்குக் கரையில். நம்மூரில் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் போகாமல் இருந்தால் எப்படிப் பேசிக்கொள்வோமோ, அப்படி இங்கே போனால் பேசிக்கொள்வார்கள்.

பேசிக்கொண்டார்கள். ஜூனில் இங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் வெயில் அடிக்கும். அதனால் இருட்டு ஒரு கஷ்டமில்லை. காப்பி மெஷின் நின்றதுதான் கஷ்டம். பக்கத்து வீட்டு பென்ட், ஓய்வுபெற்ற தபால்காரர், ஏற்றாத மெழுகுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். அவ்வளவு வெயிலில் மெழுகுவத்தி எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “உன் காற்று நின்றுவிட்டதா?” என்று மட்டும் கேட்டார். இண்டர்நெட் போய்விட்டதால் என் மகள் நிலா தன் அறையிலிருந்து வெளியே வந்தாள். பதினைந்து வயது. பல வாரங்களுக்குப் பிறகு அவளை முழு உருவமாகப் பார்த்தோம்.

காற்று என்னுடையது ஆன கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது ஒரு மின் கட்டுப்பாட்டு அறையில். இந்த நாட்டில் வயலுக்கு வயல் காற்றாலை. எல்லாம் ஒரே கம்பி வலையில் கரண்டைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. காற்று ஏறினால் அனல் நிலையங்களைக் குறைக்கச் சொல்ல வேண்டும். இறங்கினால் கூட்டச் சொல்ல வேண்டும், அல்லது பக்கத்து நாட்டு அணைகளிடம் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு, நாளைக்குக் காற்று எவ்வளவு அடிக்கும் என்று இன்றைக்கே ஒருவன் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவன் நான். தப்பாகச் சொன்னால் என்னைத் திட்டுவார்கள். சரியாகச் சொன்னால் கம்ப்யூட்டரைப் பாராட்டுவார்கள்.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் என் அலமேலு அக்காவுக்கு இந்த வேலையை விளக்கிய நாள் நினைவிருக்கிறது.

“காத்து வருமா வராதான்னு சொல்றதுக்கா சம்பளம் தர்றானுங்க?”

“ஆமாக்கா.”

“அதுக்கா இவ்ளோ படிச்ச? கொட்டாய் மேல ஒரு கிழிஞ்ச லுங்கியக் கட்டிவுட்டா அது சொல்லிட்டுப் போவுது.”

தெருவில் கரண்ட் போன அந்த வாரம், வழக்கமான ஞாயிற்றுக்கிழமை போனில், நடந்ததை அக்காவிடம் சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு பெருமையோடு சொன்னது:

“இங்க கரண்ட் போனா எங்களுக்குத் தெரியறதே இல்லடா குமாரு. லைன் செத்துப்போனாலும் எங்க கொட்டாய்ல லைட்டு எரியும். தனம் கொட்டாய்ல எரியும். அந்தாண்ட கடைசிக் கொட்டாய்லயும் எரியும். எல்லாம் நம்ம காத்தாடி குடுக்கறது.”

என் கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இதைவிடப் பயங்கரமான வாக்கியம் கிடையாது.

2

ஏன் பயங்கரம் என்பதற்கு முன், காத்தாடி வந்த கதை.

உப்பளத்துக்கு வேண்டியது வெயில், காற்று, உப்புத்தண்ணீர். முதல் இரண்டும் இலவசம். மூன்றாவதைக் கழிமுகத்திலிருந்து மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். மூன்று அளங்களுக்கு ஒரு பொது வாய்க்கால். முதல் அளம் அக்காவுடையது, அடுத்தது தனத்துடையது. தன் பாத்திகளுக்கு வேண்டியது போக மிச்சத் தண்ணீரை மதகு திறந்து கீழே இருப்பவர்களுக்கு விடுவது அங்கே வழக்கம். யாரும் யாரையும் கேட்பதில்லை. மிச்சம் இருக்கும்போது மதகை அடைத்து வைத்தால், அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை முடிந்தது என்று பொருள். கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

வாய்க்காலில் சேறு வாருவதற்கும் ஒரு வழக்கம் உண்டு. இடுப்பளவு இறங்கி நிற்கிறவன் மேல் திடீரென்று தண்ணீர் வந்து மோதக் கூடாது அல்லவா? ஆகவே இறங்குகிறவன் தன் துண்டை மதகுப் பலகையில் கட்டிவிட்டு இறங்குவான். துண்டு தொங்கும்வரை அளத்துக்காரரே வந்தாலும் பலகையைத் தொட மாட்டார். கட்டினவனே அவிழ்க்க வேண்டும். ஒருமுறை ஒருவர் சேறு வாரி முடித்து, துண்டை மறந்து, திண்டிவனத்துக்குச் சினிமா பார்க்கப் போய்விட்டார். மூன்று அளமும் காய்ந்துகொண்டு கிடந்தது. அவர் திரும்பி வரும்வரை ஊரே அவருடைய தாய்வழி உறவுகளை விசாரித்தது. ஆனால் ஒருவரும் துண்டைத் தொடவில்லை.

சுனாமிப் பெரிய அலை வந்தபோது தண்ணீர் கழிமுகம் வழியாக ஏறி அளம் வரை வந்தது. எங்கள் வீட்டில் உயிருக்குச் சேதமில்லை. அந்தக் கரையில் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். ஆயில் எஞ்சின் போய்விட்டது, பாத்திகள் சேறாகிவிட்டன. கரண்ட் மோட்டார் ஒன்று வாங்கினார்கள். அதற்குக் கரண்ட் வர வேண்டுமே! மறு வருஷம், குயிலாப்பாளையம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் தெரிந்தவர் மூலம் அக்கா ஒரு சின்னக் காற்றாலையை வாங்கி நட்டது. அது கரண்ட் உண்டாக்கி மோட்டாரை ஓட்டும்.

அந்தச் சமயத்தில் நான் போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். இங்கே பண்ணைக்காரர்கள் தங்கள் காற்றாலையில் தேவை போக மிச்சத்தைக் கம்பியில் விட்டுவிடுகிறார்கள், யாருக்கு வேண்டுமோ அவர்களுக்குப் போய்ச் சேரும் என்று.

“அப்போ அது நம்ம பொது வாய்க்கால் மாதிரின்னு சொல்லு” என்றது அக்கா.

“அதேதான்க்கா!” என்றேன். என் தொழில் என் வீட்டாருக்குப் புரிந்துவிட்ட மகிழ்ச்சியில் அன்றிரவு என் மனைவி வசந்தியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். நல்ல மாணவர்கள் பாடத்தைக் கேட்பதோடு நிற்பதில்லை என்பதை மறந்துவிட்டேன். அக்கா திண்டிவனத்திலிருந்து ஒரு மோட்டார் காயில் கட்டுகிறவரை வரவழைத்து, காற்றாலைக் கம்பியைக் கொட்டாய்க்கு வந்த லைன் கம்பியோடு முறுக்கிச் சேர்த்துவிட்டது. மிச்சத்தை வாய்க்காலில் விட்டது.

3

லைன் பழுதானால் லைன்மேன் என்ன செய்வார்? ரோட்டோர டிரான்ஸ்பார்மரில் ஃபீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். இனி அந்தக் கம்பியில் உயிரில்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுவார். மறுமுனையில் ஒரு காற்றாலை அதே கம்பிக்குள் கரண்டை ஊட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. இங்கே டென்மார்க்கில் அப்படி நேராதிருக்கக் காற்றாலைகளில் தனிக் கருவி உண்டு. லைன் செத்த உடனே காற்றாலையும் தானாக விலகிக்கொள்ளும். அது போதாது என்று, கம்பியில் கை வைக்கிற ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய பூட்டைச் சுவிட்சில் மாட்டிச் சாவியைப் பையில் வைத்துக்கொள்வார்கள். அக்காவின் காத்தாடிக்குக் கருவியுமில்லை, பூட்டுமில்லை. தாராள மனசு மட்டும் இருந்தது.

எங்கள் அளத்துப் பக்கத்து லைன்மேன் ஏழுமலை. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். நான் கணக்குப் போட, அவன் பார்த்து எழுத, இரண்டு பேரும் அடி வாங்கியிருக்கிறோம். கணக்கும் தப்பு.

உடனே அக்காவுக்கு விளக்கினேன். மின்னோட்டம், திசை, ஆபத்து. கட்டுப்பாட்டு அறையில் மந்திரிகளுக்கே விளக்கியவன் நான். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: அங்கே விளக்கும்போது எண்களை வாயால் சொல்வதில்லை. டேனிஷ் மொழியில் தொண்ணூறு என்பதை “ஐந்தாவது இருபதில் பாதி” என்கிற மாதிரி சொல்வார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் காற்றே திசை மாறிவிடும். எண்களைத் தாளில் எழுதிக் காட்டுவேன். சக ஊழியர்கள் இதை இந்தியப் பணிவு என்று நினைக்கிறார்கள்.

அக்காவுக்கு எழுதிக் காட்ட வழியில்லை.

“கம்பியப் பிரிச்சிடுக்கா. உன் கொட்டாய்க்கு மட்டும் வெச்சுக்கோ.”

“இன்னாடா சொல்ற? தனம் கொட்டாய் இருட்டாயிடாது? மதக அடைக்கச் சொல்றியா?”

“மதகு இல்லக்கா இது, கரண்ட்டு.”

“நீதானடா வாய்க்கால் மாதிரின்ன? இப்ப இல்லன்ற. அந்த ஊருக்குப் போய் நீ கஞ்சனாயிட்ட குமாரு. இதுக்கு முன்னாடி நம்ம வூட்ல யாருமே இப்படிப் பேசனதில்ல.”

“ஏழுமலை செத்துடுவான்க்கா!”

“நல்ல நாளும் அதுவுமா வாயக் கழுவு” என்று போனை வைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு மாமா எடுத்தார். மாமா பேசுவது வருஷத்துக்கு இரண்டு முறை. “அவ அளத்துல இருக்கறா” என்று அந்த வருஷத்துக் கணக்கை அதிலேயே முடித்துக்கொண்டார். ஏழுமலையின் நம்பர் என்னிடம் இல்லை. ஏழுமலையிடமே போன் இல்லை. கரண்ட் ஆபீசுக்குப் போன் செய்து சொன்னால் அக்கா மேல் கேஸ் போடுவார்கள்.

அதற்குப் பிறகு ஆபீசில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. டென்மார்க்கின் காற்றைப் பார்த்து முடித்ததும், யாரும் பார்க்காதபோது, மரக்காணத்தின் காற்றைப் பார்ப்பேன். அங்கே காற்று பலமாக அடிக்கும் நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காற்றடித்தால் கம்பி அறும். கம்பி அறுந்தால் ஏழுமலை வருவான். அதே காற்றில் காத்தாடியும் சுற்றும்.

ஜூலை விடுமுறைக்கு வசந்திக்கு லீவு கிடைக்கவில்லை. நிலாவை மட்டும் இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். “அங்கே என்ன இருக்கிறது?” என்று டேனிஷில் கேட்டாள். “அத்தை” என்று தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டில் உரையாடல் இப்படித்தான் இரண்டு கரைகளிலிருந்து நடக்கிறது.

4

போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் அக்கா நிலாவை அளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நான் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் மீன் வறுவலை மட்டும் அடுக்கிக்கொண்டே இருந்தது. நான் கரண்ட் ஆபீசுக்குப் போனேன். காற்றாலையை முறைப்படி இணைக்க அனுமதி வாங்கிவிட்டால், கருவியும் வந்துவிடும், அக்காவின் கௌரவமும் நிற்கும் என்பது திட்டம்.

அங்கே இருந்த இளம் என்ஜினீயர் மரியாதையான ஆள். நாற்காலி போட்டு, டீ சொன்னார்.

“சார், கரண்ட் வாங்கறதுக்கு ஃபாரம் இருக்குதுங்க. கூடுதலா வாங்கறதுக்கு இருக்குது. வேணாம்னு சொல்றதுக்குக்கூட இருக்குது. ஒரு கொட்டாய்லருந்து எங்களுக்குக் குடுக்கறேன்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லைங்க.”

“பெரிய காற்றாலைகளுக்கு இருக்குமே?”

“அது கம்பெனிங்களுக்கு. அதுல அக்காவ எங்க எழுதறது?” யோசித்தார். “உங்க ஊர்ல இதுக்கு ஃபாரம் இருந்தா ஒண்ணு அனுப்புங்களேன் சார். மேல காட்டிப் பாக்கறேன்.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. டென்மார்க்கில் என் வேலிச் செடி அனுமதித்த உயரத்தைத் தாண்டியதற்காக நகராட்சியோடு ஒரு வருஷம் கடிதப் போக்குவரத்து நடத்தியவன் நான்.

“போவட்டும். ஏழுமலையப் பாக்கணும், எங்க இருக்கான்?”

“உங்கக்கா அளத்துப் பக்கம்தாங்க. காத்துல கம்பி அறுந்துடுச்சாம். இப்பதான் போனான்.”

டீயை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோவைப் பிடித்தேன். ரோடு முடிகிற இடத்தில் இறங்கி வரப்பில் ஓடினேன். உப்பள வரப்பில் ஓடக் கூடாது என்பது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். போதாக்குறைக்கு என் காலில் டென்மார்க் ஷூ. தூரத்தில் அக்காவின் கொட்டாய். அதன் மேல் காத்தாடி வெறி பிடித்ததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் கம்பம். கம்பத்தில் ஏணியைச் சாத்திவிட்டு, தலையில் துண்டோடு ஒருவன் முதல் படியில் கால் வைத்தான்.

“ஏழுமல! ஏறாதடா!”

எதிர்க்காற்று. நாளையக் காற்றைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவனின் குரலை இன்றையக் காற்று வாங்கிக்கொண்டு போனது. கால் வழுக்கி ஒரு பாத்தியில் முழுசாக விழுந்தேன். விழுந்த சத்தம் கேட்டுத்தான் அவன் திரும்பினான். எழுந்து, கண்ணெல்லாம் எரிய, போய் அவன் காலைக் கட்டிப்பிடித்தேன்.

“டேய்! குமாரா? இன்னாடா, ஃபாரின்லருந்து வந்து நேரா கால்ல வுழற?”

“கம்பியத் தொடாத!”

“ஃபீஸ் என் பாக்கெட்ல இருக்குதுடா. லைன் செத்துப்போச்சு.”

“டெஸ்டர் வச்சுப் பாரு. எனக்காகப் பாரு.”

சிரித்துக்கொண்டே, எனக்காக, அறுந்து தொங்கிய கம்பியின் கொட்டாய்ப் பக்கத்து முனையில் டெஸ்டரை வைத்தான். டெஸ்டர் எரிந்தது.

ஏழுமலை ஏணியிலிருந்து காலை எடுத்து வரப்பில் உட்கார்ந்தான். காத்தாடியைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து ஃபீஸ் கட்டையை எடுத்து அதையும் பார்த்தான்.

“அது வெறும் தண்ணி எறைக்கறதுன்னு நெனச்சேன்டா. கொட்டாய்ல லைட்டு பேட்டரின்னு நெனச்சேன். போன மாசம்கூட இதே கம்பத்துல ஏறினேன்.” ஃபீஸ் கட்டையைத் திரும்பப் பையில் போட்டான். “அன்னிக்குக் காலையில வந்தேன். காத்து இல்ல.”

பிறகு அவனே சொன்னான்: “உங்கக்கா என்னிய உப்புக்கண்டம் போட்டிருக்கும்டா.”

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறியியல் படித்த இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சரியான நேரத்தில் புத்தி வேலை செய்திருக்கிறது. அது அப்போது.

“துண்டக் குடுடா” என்றேன்.

5

கொட்டாயில் அக்கா சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் நின்றது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தனத்தின் பாத்திக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நிலா மதகருகே உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டிருந்தாள். பாத்தியில் விழுந்த நான் அதற்குள் காய்ந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் நிலா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

“மறுபடியும் மதக அடைன்னு சொல்ல வந்தியா?”

“இல்லக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஏழுமலை கம்பத்துல ஏறப் போறான். இந்தத் துண்ட எங்க கட்டறது?”

அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தது. “கரண்ட்டு எங்கருந்து வருது? டிரான்ஸ்பார்மர்லருந்து. அங்க கட்டு.”

“அங்க ஃபீஸப் புடுங்கிட்டுத்தான் வந்தான். இன்னொரு மதகு இங்க இருக்குதேக்கா. இது தொறந்து கெடக்குது.”

அக்கா துண்டைப் பார்த்தது. வாசலில் வந்து நின்ற ஏழுமலையைப் பார்த்தது. பலகையில் முறுக்கிச் சேர்த்திருந்த கம்பியைப் பார்த்தது. அக்காவின் கை மேலே போய்ச் சுவிட்சை இறக்கியது. மோட்டார் நின்றது. தனத்தின் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் மெல்ல இளைத்து நின்றது. மிச்சம் இருக்கும்போது அக்கா மதகை அடைத்தது அதுதான் முதல் முறை.

பிறகு ஏழுமலையின் பக்கம் திரும்பிக் கத்தியது.

“ஏண்டா, உனக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா? ஒரு தபா வந்து கேக்கறதில்ல, அக்கா இது இன்னா கம்பின்னு? நீ பாட்டுக்கு ஏறுவியா? நாளைக்கு உன் பொண்டாட்டி வந்து என் மூஞ்சியப் பாத்தா நான் இன்னா சொல்லுவேன்?”

“நான்தான் சாவலியேக்கா” என்றான் ஏழுமலை.

“வாய மூடு!”

அக்கா கத்திக்கொண்டே இருந்தது. கத்திக்கொண்டே அவனுக்குச் சொம்பில் மோர் ஊற்றிக் கொடுத்தது. நிலா என் காதருகே வந்து தமிழில் கேட்டாள்: “அத்தைக்குக் கோபமா?”

“இல்ல. பயம்.”

“ஏன் அவரைத் திட்டுறாங்க?”

“நம்ம வூட்ல அப்படித்தான்.”

“அம்மாவும் அப்படித்தான்” என்றாள்.

மறுநாளே காயில்காரர் வரவழைக்கப்பட்டார். அக்காவிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. கொட்டாய்க்கு வெளியே, வரப்பிலிருந்து யாருக்கும் கை எட்டுகிற இடத்தில், பெரிய கைப்பிடி வைத்த சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று வைத்தோம். மேலே தள்ளினால் லைன், கீழே தள்ளினால் காத்தாடி, நடுவில் நிறுத்தினால் எதுவுமில்லை. இரண்டும் ஒருபோதும் ஒன்றையொன்று தொடாது. தனம் கொட்டாய்க்கும் கடைசிக் கொட்டாய்க்கும் சவுக்குக் கொம்பு நட்டு, லைனோடு சேராமல் தனிக் கம்பி இழுத்தோம். யாரும் இருட்டில் விடப்படவில்லை. கம்பிக்கும் கொம்புக்கும் ஆன செலவைப் பற்றித் தனம் பேச்செடுத்தபோது அக்கா அவளையும் வாயை மூடச் சொன்னது. கம்பத்தில் ஏறுகிறவன் கைப்பிடியை நடுவில் நிறுத்தித் துண்டைக் கட்டுவான்; துண்டு தொங்கினால் ஒருவரும் தொடக் கூடாது. கட்டினவன் வந்து அவிழ்க்க வேண்டும். இந்த விதியை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே எங்கள் அலுவலகச் சுவரில் பூட்டு மாட்டும் விதிமுறை நான்கு பக்கத்துக்குக் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. ஒவ்வொரு வருஷமும் அதற்கு ஒரு பயிற்சி வகுப்பும், பின்னால் ஒரு பரீட்சையும் உண்டு. முதல் தடவை நான் அதில் தேறவில்லை.

6

ஊரிலிருந்து திரும்பிய பிறகு நிலாவின் அறைக் கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டு தொங்க ஆரம்பித்தது. அத்தை வாங்கிக் கொடுத்தது. முதல் நாள் வசந்தி அதைத் துவைக்க எடுத்துப் போட்டாள். வீட்டில் பெரிய ரகளை. “கட்டினவங்கதான் அவுக்கணும்!” என்று நிலா கத்தினாள். தமிழில் கத்தினாள். அன்றிலிருந்து துண்டு தொங்கும்போது அந்த அறைக்குள் நாங்கள் போவதில்லை. மருமகன் வீட்டு வாசலில் நிற்பதுபோல் வெளியே நின்று கூப்பிடுகிறோம். எங்கள் மகள் எங்களிடமிருந்து தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறாள் என்ற கவலை எனக்கு இன்னும் உண்டு. ஆனால் தள்ளிப்போகிற வழியில் மரக்காணத்துத் துண்டு ஒன்று தொங்குவது கொஞ்சம் ஆறுதல்.

சென்ற ஞாயிறு அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே மதியம் தாண்டிய நேரம். பின்னால் காற்று இரைந்தது.

“அக்கா, எப்படி இருக்கற? காத்து பலமா?”

“பலம்தான்.”

“கரண்ட் இருக்குதா?”

“இல்ல.”

“லைட்டு?”

“எரியல. காத்தாடியும் நிறுத்தியாச்சு.” இதைச் சொல்லும் குரலில், அன்றைக்கு லைட்டு எரிகிறது என்று சொன்னபோது இருந்ததைவிடப் பெருமை அதிகம்.

“ஏழுமலையா?”

“கம்பத்துல இருக்கறான். துண்டு இங்க தொங்குது.”

“சரிக்கா. நிலா உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம், குடுக்கட்டுமா?”

எங்கள் போன் பேச்சை முடித்து வைப்பது எப்போதும் நான்தான். அக்கா வைத்ததில்லை, கோபத்தில் வைத்த ஒருமுறையைத் தவிர. எண்ணெய் விலை, மழை, தனத்தின் மருமகள் என்று இழுத்துக்கொண்டே போகும். போன் கார்டில் காசு தீரப்போகிறது என்று நான் சொன்னால்தான் நிற்கும்.

“அப்பால பேசறேன்னு சொல்லு” என்றது அக்கா. “அவன் இன்னும் எறங்கல. நான் துண்டப் பாத்துக்கினு இருக்கறேன். போன வை.”